எந்த ரேஸ் கார் கிட் வாங்கலாம்? குமரிக் காற்றை வைத்து ஓர் அலசல்

பழைய ரேஸ் கார்களின் பிளாஸ்டிக் கிட் (பாகங்களை ஒட்டி, பெயிண்ட் அடித்து நாமே கட்டும் சின்ன மாதிரி) வாங்கும்போது பெட்டி மேல் உள்ள படத்தைப் பார்த்துத்தான் எல்லோரும் மயங்குகிறோம். எந்தக் கார், எந்த வருஷம், யார் ஓட்டியது என்பதெல்லாம் முக்கியம்தான். ஆனால் நாகர்கோவிலிலோ குளச்சலிலோ உட்கார்ந்து அதைக் கட்டப்போகிறவர் இன்னொன்றையும் கேட்டாக வேண்டும்: பாடிக்கு என்ன நிறம்? எவ்வளவு பரப்புக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டும்? கட்டி முடித்த கார் ஹாலில் இருக்குமா, பரணுக்குப் போகுமா என்பதை நம் ஊரில் பெரும்பாலும் பெயிண்ட்தான் தீர்மானிக்கிறது.

இடவப்பாதியும் உண்டு, ஐப்பசி கார்த்திகை மழையும் உண்டு என்று இரண்டு பருவமழையையும் வாங்குகிற மாவட்டம் இது. லாக்கர் வகைப் பெயிண்டை (சீக்கிரம் காயும், தின்னரில் கரைத்த பெயிண்ட்) ஸ்ப்ரே செய்யும்போது அதிலுள்ள தின்னர் சட்டென்று ஆவியாகி, அடித்த இடத்தைக் குளிர வைக்கும். காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் குளிர்ந்த அந்தப் பரப்பில் நீர் படிந்து, காயாத பெயிண்டுக்குள் மாட்டிக்கொள்ளும். காய்ந்த பிறகு பார்த்தால் சாம்பல் பூத்ததுபோல ஒரு வெண்மை. கறுப்பிலும் அடர்நீலத்திலும் இது பளிச்சென்று தெரியும். வெள்ளையில் பளபளப்பு கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான். மேலே அடிக்கும் நிறமில்லாத பளபளப்புப் பூச்சு, அதாவது கிளியர் கோட், அதை மீட்டுத் தந்துவிடும். என் தேர்வு இந்த வித்தியாசத்தின் மேல்தான் நிற்கிறது.

போட்டியில் நான்கு கிட்கள். டாமியா நிறுவனத்தின் 1/20 அளவு (அசல் காரில் இருபதில் ஒரு பங்கு) ஹோண்டா ஆர்ஏ272, அதே டாமியாவின் 1/20 டிரெல் பி34, 1/24 மாஸ்டா 787பி, அப்புறம் மெங் நிறுவனத்தின் 1/12 ஃபோர்டு ஜிடி40 மார்க் 2. கறுப்பும் தங்கமுமான லோட்டஸ், சிவப்பும் வெள்ளையுமான மெக்லாரன் எல்லாம் எங்கே என்று கேட்பீர்கள். அந்தக் கார்கள் சிகரெட் கம்பெனிகளின் பணத்தில் ஓடியவை. இப்போது விற்கிற பெட்டிகளில் பெரும்பாலும் அந்தக் கம்பெனிப் பெயர்களுக்கான டீகால் (தண்ணீரில் ஊறவைத்து ஒட்டும் மெல்லிய படம்) இருக்காது. தனியாக வெளிநாட்டிலிருந்து தருவிக்க வேண்டும், இல்லையென்றால் கார் மொட்டையாக நிற்கும். முதல் கிட்டிலேயே அந்த அலைச்சல் வேண்டாம் என்று அவற்றை விட்டுவிட்டேன். இந்த நான்கிலும் அந்தத் தொல்லை இல்லை.

முதலில் ஹோண்டா. 1963-இல்தான் அந்த நிறுவனம் நான்கு சக்கர வண்டி விற்கவே தொடங்கியது. அடுத்த வருஷமே ஃபார்முலா 1-க்குள் இறங்கிவிட்டது. 1965 அக்டோபர் 24 அன்று மெக்சிகோ பந்தயத்தில் ரிச்சி கின்தர் 11-ஆம் எண் காரில் ஜெயித்தார். ஹோண்டாவுக்கு அது முதல் ஃபார்முலா 1 வெற்றி. 1.5 லிட்டர் எஞ்சின் விதியின் கீழ் நடந்த கடைசிப் பந்தயமும் அதுதான். அந்த ஒன்றரை லிட்டரை ஹோண்டா பன்னிரண்டு சிலிண்டராகப் பிரித்திருந்தது. ஒரு சிலிண்டருக்கு ஏறக்குறைய 125 சிசி, அதாவது இன்று வடசேரி பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே நிற்கிற ஒரு ஸ்கூட்டரின் முழு எஞ்சின் அளவு. அப்படிப் பன்னிரண்டைச் சேர்த்து வி12 ஆக்கி, அதையும் குறுக்கே திருப்பி ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் வைத்தார்கள். மோட்டார் சைக்கிள் செய்து பழகிய கைகளின் வேலை என்பது அந்த எஞ்சினைப் பார்த்தாலே தெரியும்.

கிட்டிலும் கண்ணுக்கு விருந்து அந்த எஞ்சின்தான். நமக்கு அதனால் ஒரு வசதியும் இருக்கிறது. எஞ்சின் வேலைக்கு ஸ்ப்ரே தேவையே இல்லை. தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக் பெயிண்டும் இரண்டு நல்ல பிரஷ்களும் போதும். வெளியே சாரல் அடித்தாலும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு வேலை பார்க்கலாம். எக்ஸாஸ்ட் குழாய்களை, பாகங்கள் ஒட்டியபடி வரும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து நிப்பரால் (சின்ன வெட்டுக்குறடு) வெட்டி எடுத்ததும், அச்சு சேர்ந்த கோடு குழாயின் நீளத்துக்கும் ஓடுவதைப் பார்க்கலாம். அதை 600 நம்பர் உப்புத்தாளை மெல்லிய கீற்றாக வெட்டி, குழாயைச் சுற்றி நூல் இழுப்பதுபோல முன்னும் பின்னும் இழுத்து எடுக்க வேண்டும். பிறகு 1000 நம்பர். இந்தக் கோட்டை அப்படியே விட்டுவிட்டு மேலே வெள்ளி நிறம் பூசினால் உலோகத்துக்குப் பதில் பிளாஸ்டிக்தான் தெரியும். உலோக நிறம் காய்ந்ததும், நன்றாகத் தண்ணீர் சேர்த்த கறுப்பை இடுக்குகளில் ஓட விட்டு, மேலே நிற்பதைத் துணியால் ஒற்றி எடுங்கள். எஞ்சினுக்கு உயிர் வருவது அந்த நிமிஷத்தில்தான்.

பாடி சின்னது. மொத்தக் காரே ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவு. ஒரே நிறம், அதுவும் வெள்ளை. ஃபிரிட்ஜ் வெள்ளை அல்ல, லேசாகத் தந்த நிறம் ஓடிய வெள்ளை. பெயிண்ட் எடுக்கும்போது இதைக் கவனிக்க வேண்டும். வெள்ளைக்கும் ஒரு வம்பு உண்டு. ஓரங்களில் பிடிக்காமல் நழுவும். அவசரப்பட்டுக் கனமாக அடித்தால் பள்ளங்களில் தேங்கும். அடியில் சாம்பல் நிற பிரைமர் (நிறத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) போட்டால் அழுக்கு வெள்ளையாகத் தெரியும். வெள்ளை பிரைமர்தான் போட வேண்டும். மெல்லிசாக நான்கைந்து தடவை, நடுவில் நன்றாகக் காயவிட்டு அடித்தால் வந்துவிடும். முன்பக்க மூடி மேல் வரும் சிவப்பு வட்டம்தான் இந்தக் காரின் முகம். வளைவான இடம் என்பதால் டீகாலை வெந்நீரில் ஊறவைத்து, இளக்கும் திரவம் தடவி, நடுவிலிருந்து ஓரத்துக்கு ஈரப் பஞ்சால் நீவ வேண்டும். காற்றுக் குமிழ் நின்றால் ஊசி முனையால் குத்திவிட்டு மறுபடி திரவம் வையுங்கள்.

ஹோண்டாவுக்கு நேர் எதிர் ஜிடி40. 1966-இல் பிரான்ஸின் லே மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் முதல் மூன்று இடங்களையும் ஃபோர்டு எடுத்த கதை பலருக்கும் தெரியும். புரூஸ் மெக்லாரனும் கிரிஸ் ஏமனும் ஓட்டிய 2-ஆம் எண் கறுப்புக் கார் முதலிடம். கென் மைல்ஸும் டென்னி ஹல்மும் ஓட்டிய கார் கிட்டத்தட்ட அதோடு சேர்ந்தே கோட்டைத் தாண்டியது. ஆனால் கறுப்புக் கார் தொடக்க வரிசையில் பின்னால் நின்று புறப்பட்டதால் அது கூடுதல் தூரம் ஓடியதாகக் கணக்காகி, மைல்ஸுக்கு இரண்டாமிடம் ஆனது. இன்றைக்கும் மனசு ஆறாத முடிவு அது. தரையிலிருந்து 40 அங்குல உயரம்தான் என்பதால் பெயரிலேயே 40. உள்ளே 7 லிட்டர் வி8.

மெங் கிட்டில் கதவுகள் திறக்கும், முன்பக்கமும் பின்பக்கமும் திறக்கும், உள்ளே முழு எஞ்சின் உண்டு. அதோடு பாடி நிறத்தோடேயே வருகிற பதிப்பும் இருக்கிறது. தக்கலையில் கிட் கட்டும் தம்பி ஒருவர் என்னிடம் இதைத்தான் கேட்டார்: “அண்ணே, பாடியே கலரோட வருதுன்னா ஈரத்தைப் பத்தின கவலையே இல்லையே?” நியாயமான கேள்வி. ஸ்ப்ரே அடிக்க மொட்டைமாடியோ திண்ணையோ இல்லாதவர்கள், வீட்டில் சின்னக் குழந்தையோ மூச்சுத்திணறல் உள்ளவரோ இருப்பதால் தின்னர் வாசனையே கூடாது என்பவர்கள், தயங்காமல் அந்தப் பதிப்பை வாங்கலாம்.

மற்றவர்களுக்கு நான் அதைச் சொல்லாததற்குக் காரணம் உண்டு. விலை ஒரு 1/20 கிட்டைப்போலப் பல மடங்கு. நீளம் ஓரடிக்கு மேல். தனியாகக் கண்ணாடிப் பெட்டி செய்தாக வேண்டும், ஏனென்றால் பளபளக்கும் கறுப்பில் ஒவ்வொரு தூசியும் விரல் ரேகையும் தெரியும். ஆரல்வாய்மொழிப் பக்கம் வீடு என்றால் காற்று எவ்வளவு மண்ணைக் கொண்டுவரும் என்று சொல்லவே வேண்டாம். எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல், கட்டும்போது ஒரு கீறல் விழுந்துவிட்டால் வருவது. பாலிஷில் போகாத கீறல் என்றால் அதே கறுப்பை நாமே ஸ்ப்ரே செய்ய வேண்டும். எந்தத் தொல்லைக்குப் பயந்து நிறம் போட்ட கிட் வாங்கினோமோ, அதே தொல்லை இன்னும் பெரிய பரப்பில் வந்து நிற்கும்.

டிரெல் பி34 எனக்கு ரொம்பப் பிடித்த கார். ஆறு சக்கரம். முன்னால் பத்து அங்குலச் சின்னச் சக்கரங்கள் நான்கை வைத்தால் அவை மூக்குக்குப் பின்னால் மறைந்துகொள்ளும், காற்றின் தடை குறையும், நான்கு டயர் சேர்ந்து பிடிப்பையும் தரும் என்பது அதை வடிவமைத்த டெரிக் கார்ட்னரின் கணக்கு. 1976 ஸ்வீடன் பந்தயத்தில் ஜோடி ஷெக்டரும் பாட்ரிக் டிபாயேயும் முதல் இரண்டு இடம் பிடித்தபோது கணக்கு சரி என்றே எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் மற்ற டயர்கள் முன்னேறிய வேகத்தில் அந்தச் சின்ன டயர்கள் முன்னேறவில்லை. 1977-ஓடு கார் ஓய்ந்தது. வீட்டில் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் இருந்தால் வேறு எந்தக் காரையும் அவர்கள் இப்படிச் சுற்றிச் சுற்றிப் பார்க்க மாட்டார்கள். ஆனால் கட்டும்போது ஆறு சக்கரமும் ஒரே மட்டத்தில் தரையைத் தொட வேண்டும். சக்கரத்தைத் தாங்கும் ஒரு கையைக் கொஞ்சம் தூக்கி ஒட்டினாலும் ஒரு டயர் அந்தரத்தில் நிற்கும். பசை இறுகும் முன் ஒரு கண்ணாடிப் பலகை மேல் நிறுத்திப் பார்த்துவிட வேண்டும். நிறம் அடர்நீலம், ஈரம் பூத்தால் மறைக்க வழியில்லை. இரண்டாவது கிட்டாக எடுக்க இதைவிட நல்லது கிடையாது.

மாஸ்டா 787பி பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1991-இல் லே மான்ஸ் ஜெயித்த முதல் ஜப்பானியக் கார், ரோட்டரி எஞ்சினால் அங்கே ஜெயித்த ஒரே கார். பாடியில் ஆரஞ்சும் பச்சையும் பல்வரிசையாகச் சந்திக்கின்றன. இரண்டையும் நாமே அடித்து, நடுவே மாஸ்கிங் டேப் (ஒரு நிறத்தை மறைத்துவிட்டு மறு நிறம் அடிக்க ஒட்டும் நாடா) போட்டுப் பிரிக்க வேண்டும். ஈரக்காற்றில் முதல் நிறம் முழுதாகக் காயும் முன் டேப் ஒட்டினால் உரிக்கும்போது பெயிண்டும் கூடவே வரும். பழகிய கைக்கு அருமையான கிட், புதியவருக்கு வேண்டாம்.

ஆக, என் தேர்வு ஹோண்டா. வாங்கிய பிறகு கவனிக்க வேண்டியவை சில.

ஸ்ப்ரே டின்களைச் சாதாரண விமானக் கூரியரில் ஏற்ற மாட்டார்கள். லாரி வழியில் வர நாளாகும். கோட்டாற்றிலோ மார்த்தாண்டத்திலோ வண்டிக்குப் பெயிண்ட் கலந்து தரும் கடையில், தந்த நிறம் ஓடிய அந்த வெள்ளையைக் காட்டிக் கலக்கச் சொல்லலாம். ஆனால் வண்டிப் பெயிண்டின் தின்னர் வெறும் பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும், பிரைமர் இல்லாமல் அடிக்கவே கூடாது. ஏர்பிரஷ் (காற்றழுத்தத்தில் பெயிண்டைத் தூவும் சின்னக் கருவி) இருந்தால் மெதுவாக ஆவியாகும் தின்னர் கலந்துகொள்ளுங்கள், ஈரம் பூப்பது பெருமளவு குறையும். பகலில் ஈரம் குறைவாக இருப்பது மதியத்தை ஒட்டித்தான். பதினொன்றுக்கு மேல், மூன்றுக்குள் அடிப்பது நல்லது. குலசேகரம், திருவட்டார் பக்கம் ரப்பர் தோட்டத்துக்கு நடுவே வீடு உள்ளவர்கள் ஈரம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டால் ஊகிக்கத் தேவையில்லை.

பழைய பெட்டி மலிவாகக் கிடைத்தால் டீகால் தாள் மஞ்சளித்திருக்கிறதா என்று படம் கேட்டுப் பாருங்கள். பழைய கிட்களின் மென்மையான டயர்கள் நம் வெயிலில் வருஷக்கணக்கில் பிளாஸ்டிக் சக்கரத்தோடு ஒட்டியிருந்தால் அதை அரித்துவிடுவதும் உண்டு; டயர் மாட்டும் முன் சக்கரத்தின் விளிம்புக்கும் பெயிண்ட் கொடுத்துவிட்டால் தப்பிக்கும்.

ஐப்பசியில் பெட்டியைத் திறந்தால் மழை மாதங்களில் எஞ்சினையும் சஸ்பென்ஷனையும் பிரஷ்ஷால் நிதானமாக முடிக்கலாம். தை கடைசியில் வானம் தெளிந்து காற்று உலர்ந்திருக்கும்போது பாடியை மாடிக்குக் கொண்டுபோய் வெள்ளை அடிக்கலாம்.