மசாஜ் பள்ளியா, பெரிய ஹெல்த் கேர் கல்லூரியா? கட்டணம் கட்டும் முன் ஓர் ஒப்பீடு

மசாஜ் தெரபியோ நோயாளிப் பராமரிப்போ படிக்கத் தனியார் கல்லூரி தேடுகிறவர்கள் முன்னால் பெரும்பாலும் மூன்று வகை இடங்கள் வந்து நிற்கும். மசாஜ் மட்டுமே சொல்லித்தரும் சின்னப் பள்ளி ஒன்று. மசாஜ், மருத்துவ உதவியாளர், பராமரிப்பு உதவியாளர், மருந்தக உதவியாளர் என்று பல படிப்புகளை ஒரே கட்டடத்தில் நடத்தும் பெரிய கல்லூரி இன்னொன்று. ஸ்பாவோடு சேர்ந்து இயங்கி, சில வாரங்களில் சான்றிதழ் கொடுத்துவிடும் பயிற்சி மையம் மூன்றாவது. மூன்றின் விளம்பரத்தையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஒரே பாட்டுதான்: அனுபவமுள்ள ஆசிரியர்கள், நவீன வசதிகள், வேலைவாய்ப்பு உதவி. உண்மையான வித்தியாசம் விளம்பரத்தில் வராது. படிக்கும் காலத்தில் முன்பின் தெரியாத எத்தனை பேர் உடலில், யார் கண்காணிப்பில் கை வைக்கப்போகிறீர்கள் என்பதில்தான் அது இருக்கிறது.

மூன்றாவது வகையை முதலில் முடித்துவிடலாம். அது பயன்படுமா என்பதை நீங்கள் தொழில் செய்யப்போகும் இடத்தின் சட்டம்தான் தீர்மானிக்கும். ஜப்பானில் மசாஜுக்கு 1947ஆம் ஆண்டிலிருந்தே தனிச் சட்டம் உண்டு. குறைந்தது மூன்று ஆண்டுப் படிப்பும் தேசியத் தேர்வும் இல்லாமல் உரிமம் கிடையாது. கனடாவின் ஒன்டாரியோவில் பதிவுபெற்ற மசாஜ் தெரபிஸ்ட் என்ற பட்டம் சட்டப் பாதுகாப்பு உள்ளது; கண்டவர் போட்டுக்கொள்ள முடியாது. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் கணக்கு மாறும்: பல இடங்களில் 500 மணி நேரம் போதும், நியூயார்க்கில் 1,000 வேண்டும். பிரிட்டனில் அரசு உரிமமே இல்லை. விரும்பினால் சேரும் பதிவேடுதான். உரிமம் கட்டாயமான இடத்தில் சில வாரச் சான்றிதழை நீட்டினால் யாரும் வாங்கிப் பார்க்கக்கூட மாட்டார்கள். ஏற்கெனவே உரிமம் உள்ளவர் சூடான கல் மசாஜ் போன்ற ஒரு புது முறையைக் கற்க அங்கே போகலாம். முதல் படிப்பாக அதை எடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து.

அதனால் முதல் வேலை கல்லூரிக்குப் போவதல்ல. உரிமம் தரும் அமைப்பின் பட்டியலில் அந்தக் கல்லூரியும், அதே பெயரில் அந்தப் படிப்பும் இருக்கின்றனவா என்று பார்ப்பது. கல்லூரிக்கு அங்கீகாரம் இருந்து, புதிதாகத் தொடங்கிய படிப்புக்கு மட்டும் இல்லாமல் போவதுண்டு. ‘விண்ணப்பித்திருக்கிறோம், வந்துவிடும்’ என்ற பதிலை நம்பிப் பணம் கட்டக்கூடாது.

இனி மிச்சமிருப்பது இரண்டு: சின்னப் பள்ளியும் பெரிய கல்லூரியும். இங்கேதான் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

மசாஜ் பள்ளியின் உயிர் அதன் மாணவர் கிளினிக். வெளியாட்கள் குறைந்த கட்டணத்தில் வருவார்கள், மாணவர்கள் செய்வார்கள், ஆசிரியர் உடன் இருப்பார். வகுப்பில் மாணவர்கள் ஒருவருக்கொருவர் நீவுவதும் பிசைவதும் தட்டுவதும் கைப்பழக்கத்துக்கு உதவும். ஆனால் சக மாணவர்கள் பெரும்பாலும் ஆரோக்கியமான இளைஞர்கள். ஒருவர் உடல் இன்னொருவருக்குப் பழகியும் போயிருக்கும். கிளினிக்குக்கு வருகிறவர் அப்படியில்லை. சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர் வருவார், இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் வருவார், மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை முடித்தவர் வருவார்.

இப்படி வைத்துக்கொள்வோம். ஒரு பெண்மணி கெண்டைக்கால் வலி என்று வந்து படுக்கிறார். படிவத்தில் நீண்ட விமானப் பயணம் என்று எழுதியிருக்கிறார். மாணவி துணியை முழங்கால்வரை ஒதுக்கி, எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றிவிட்டார். ஆசிரியர் பக்கத்தில் வந்து இரண்டு கால்களையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறார். ஒரு கால் மட்டும் வீங்கியிருக்கிறது, தோல் லேசாகச் சிவந்திருக்கிறது, புறங்கையை வைத்தால் சூடு தெரிகிறது. ஆழத்தில் உள்ள சிரையில் இரத்தம் உறைந்திருக்கலாம். பிசைந்தால் அந்தக் கட்டி பிரிந்து நுரையீரலுக்குப் போய் அடைக்கலாம். மாணவி கையைத் துடைத்துவிட்டு, அந்த அம்மாவைப் பயமுறுத்தாமல் உடனே மருத்துவரிடம் போகச் சொல்ல வேண்டும். எப்போது கை வைக்கக்கூடாது என்ற இந்தப் பாடம் புத்தகத்தில் ஒரு பட்டியலாக இருக்கும். அது மனதில் பதிவது கிளினிக்கில்தான்.

ஆகவே கல்லூரியைப் பார்க்கப் போகும்போது மேசைகளை எண்ணாதீர்கள். கிளினிக் நடக்கும் நாளில் போங்கள்; முடிந்தால் காசு கொடுத்து நீங்களே ஒரு மாணவரிடம் மசாஜ் எடுத்துக்கொள்ளுங்கள். உடல்நிலைபற்றி எத்தனை கேள்வி கேட்டார்? போர்த்திய துணியை ஒதுக்கும்போது உங்கள் அனுமதியைக் கேட்டாரா? ஆசிரியர் எத்தனை முறை எட்டிப் பார்த்தார்? இதற்கு ஈடாக எந்த அறிமுகக் கூட்டமும் எதையும் காட்டிவிடாது. இந்த அளவுகோலில் நல்ல சின்னப் பள்ளிகள் முன்னால் நிற்கும். கிளினிக்கே அவர்களுடைய வருமானமும் நற்பெயரும் என்பதால் அதைக் கவனித்து நடத்துவார்கள்.

அவர்கள் கவனிக்கும் இன்னொரு விஷயம் மாணவரின் உடல். கட்டைவிரலை வளைத்து அழுத்தியே பழகியவருக்குச் சில வருடங்களில் மணிக்கட்டும் விரல் மூட்டும் போய்விடும். நல்ல திறமைசாலிகள்கூட இதனால் தொழிலை விட்டுப் போகிறார்கள். மேசையின் உயரத்தை வைப்பது, முழங்கையையும் முன்கையையும் பயன்படுத்துவது, தோள் பலத்தால் தள்ளாமல் உடல் எடையைச் சாய்த்துக் கொடுப்பது இவற்றை முதல் மாதத்திலிருந்தே திருத்தும் ஆசிரியர் வேண்டும். ஒரு ஆசிரியருக்கு முப்பது மாணவர் இருக்கும் அறையில் யாருடைய கட்டைவிரலை யார் பார்ப்பது?

பெரிய கல்லூரியின் பலம் வேறு. கட்டில், தூக்கும் கருவி, பயிற்சிப் பொம்மை எல்லாம் இருக்கும். தொற்றுத் தடுப்பு, முதலுதவி, நோயாளியின் தனியுரிமை இவற்றை ஒழுங்காக நடத்துவார்கள். மருத்துவமனைகளோடும் முதியோர் இல்லங்களோடும் ஒப்பந்தம் இருப்பதால் களப்பயிற்சிக்கு நாமே அலைய வேண்டியதில்லை. பராமரிப்பு உதவியாளர் படிப்புக்கு நான் இவர்களையே சொல்வேன். ஆனால் அங்கேயும் மணிக் கணக்கைப் பிரித்துக் கேட்க வேண்டும். அமெரிக்காவில் செவிலிய உதவியாளர் பயிற்சிக்கு மத்திய அரசு வைத்திருக்கும் குறைந்தபட்சம் 75 மணி நேரம். அதில் மேற்பார்வையோடு கூடிய செய்முறை குறைந்தது 16 மணி நேரம் இருந்தால் போதும். இந்தக் குறைந்தபட்சத்தோடு நிறுத்திக்கொள்ளும் இடமும் இருக்கிறது, அதைத் தாண்டிப் போகும் இடமும் இருக்கிறது. பக்கவாதம் வந்தவரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவதைப் பொம்மையிடம் மட்டும் பழகினால் போதாது. பொம்மை பயந்து உங்கள் கழுத்தைப் பிடிக்காது.

பெரிய கல்லூரிகளின் பலவீனம் எண்ணிக்கைப் பசி. ‘படித்தவர்களில் இத்தனை சதவீதம் பேருக்கு வேலை’ என்ற வரியை அப்படியே விழுங்கிவிடாதீர்கள். அமெரிக்காவின் கொரிந்தியன் காலேஜஸ் குழுமம் எவரெஸ்ட் என்ற பெயரில் மசாஜ் தெரபியும் மருத்துவ உதவியாளர் படிப்பும் நடத்தியது. அதே குழுமத்தின் ஹீல்டு கல்லூரி வேலைவாய்ப்புக் கணக்கைத் திரித்ததாகச் சொல்லி, 2015 ஏப்ரலில் அந்நாட்டுக் கல்வித் துறை சுமார் 3 கோடி டாலர் அபராதம் விதித்தது. தன் பழைய மாணவர்களை இரண்டு நாள் தற்காலிக வேலைக்கு அமர்த்தத் தானே ஏஜென்சிகளுக்குப் பணம் கொடுத்து, அதையும் ‘வேலை கிடைத்தது’ என்று எழுதியது அந்தத் துறை கண்டறிந்தவற்றில் ஒன்று. அதே மாதம் குழுமம் மீதமிருந்த கிளைகளை இழுத்து மூடியது. சுமார் 16,000 மாணவர்கள் பாதியில் நின்றார்கள். அதன் ஒன்டாரியோ கிளைகளும் அதே ஆண்டுத் தொடக்கத்தில் மூடப்பட்டிருந்தன.

அதனால் சதவீதத்தை விட்டுவிட்டு இதைக் கேளுங்கள்: எந்த வேலை, முழுநேரமா, எத்தனை மாதம் நீடித்தது? உரிமத் தேர்வில் முதல் முயற்சியிலேயே தேறியவர்கள் எவ்வளவு? சேர்ந்தவர்களில் படிப்பை முடித்தவர்கள் எவ்வளவு? கடைசிக் கேள்விக்குத்தான் பெரும்பாலும் பதில் தாமதமாக வரும். சின்னப் பள்ளிகளுக்கும் இந்தக் கேள்விகள் பொருந்தும். அவை பெரியவற்றைவிடச் சத்தமில்லாமல் மூடப்படும், அவ்வளவுதான்.

இணைய வழிப் பாடம்பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. உடற்கூறும் நோயியலும் வீட்டிலிருந்து படிக்கலாம்; தொடுவதைப் படிக்க முடியாது. இணைய மணிகளை உரிமத்துக்கு எவ்வளவு தூரம் ஏற்பார்கள் என்பதை மட்டும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மசாஜ்தான் தொழில் என்று உறுதியாக இருப்பவர், சுறுசுறுப்பான கிளினிக் உள்ள சின்னப் பள்ளிக்குப் போகலாம். மருத்துவத் துறைக்குள் நுழைய வேண்டும், எந்தப் பக்கம் என்று இன்னும் தெரியவில்லை என்பவருக்குப் பெரிய கல்லூரியின் பராமரிப்பு உதவியாளர் படிப்பு நல்ல தொடக்கம். குறுகிய காலம், பிறர் உடலைத் தொட்டுச் செய்யும் வேலை தமக்கு ஒத்துவருமா என்பது களப்பயிற்சியின் முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். பெரிய கல்லூரியிலேயே மசாஜும் படிக்க விரும்பினால், அங்கே வெளியாட்கள் வரும் கிளினிக் வாரத்தில் எத்தனை நாள் நடக்கிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

எதில் சேர்ந்தாலும் ஒப்பந்தத்தை வீட்டுக்கு எடுத்துவந்து படியுங்கள். நடுவில் விலகினால் எந்த வாரம்வரை எவ்வளவு பணம் திரும்பும், கல்லூரி மூடப்பட்டால் உங்கள் மதிப்பெண் பதிவும் முடித்த மணிக் கணக்கும் யாரிடம் போகும், தேர்வுக் கட்டணமும் காப்பீடும் சீருடையும் அந்தத் தொகைக்குள் வருமா என்ற மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். ‘இன்றைக்கே கையெழுத்துப் போட்டால்தான் இடம்’ என்று அவசரப்படுத்தும் கல்லூரிக்கு மறுபடி போக வேண்டியதில்லை.