ஷர்ம் எல் ஷேக்கா, ஹுர்காடாவா?

பிரமிடு பார்த்த கையோடு நாலு நாள் கடற்கரையில் இருந்துவிட்டு வரலாம் என்று எகிப்துக்குக் கிளம்புகிறவர்கள் கடைசியில் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்பார்கள். இரண்டும் செங்கடல் ஊர்கள். பின்னால் பாலைவனம், முன்னால் ரிசார்ட் வரிசை. நடுவில் உள்ள கடல் 100 கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் சாலையில் போனால் சூயஸைச் சுற்றிக்கொண்டு 700 கிலோமீட்டருக்கு மேல் ஆகும். நாலு நாளில் இரண்டையும் பார்க்க ஆசைப்படாதீர்கள்.

கடலுக்காகவே போகிறீர்கள் என்றால் ஷர்ம்தான். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. பல இடங்களில் பவளப்பாறை கரையிலிருந்தே தொடங்கிவிடுகிறது. மிதவைப் பாலத்தில் நடந்து போய் முனையில் இறங்கி முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தால், பாறைச் சுவர் நீல ஆழத்துக்குள் செங்குத்தாக இறங்குவது தெரியும். படகே வேண்டாம். பக்கத்திலேயே ராஸ் முகம்மது, 1983-இல் அறிவிக்கப்பட்ட எகிப்தின் முதல் தேசியப் பூங்கா. சூயஸ் வளைகுடாவும் அகபா வளைகுடாவும் சந்திக்கும் சினாய் முனை அது.

ஸ்கூபா தெரிந்தவர்களுக்கு திஸில்கார்ம் கப்பல் இருக்கிறது. 1941 அக்டோபர் 6 அன்று ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்டு மூழ்கடித்த பிரிட்டிஷ் சரக்குக் கப்பல். ஏற்றி வந்த மோட்டார் சைக்கிள்களும் லாரிகளும் சுமார் 30 மீட்டர் ஆழத்தில் இன்னும் கிடக்கின்றன. மாலுமிகள் உயிர்விட்ட இடம் அது. எதையும் எடுக்காமல் பார்த்துவிட்டு வாருங்கள்.

சரி, நீச்சல் தெரியாத அம்மாவும் ஐந்து வயதுக் குழந்தையும் கூட வருகிறார்களா? அப்படியென்றால் ஹுர்காடா. மணல் கரை, இடுப்பளவு ஆழத்திலேயே வெகுதூரம் நடக்கலாம். ஆனால் ரிசார்ட் கட்டுவதற்காகக் கரையோரக் கடலைத் தூர்த்ததில் அங்கே பவளம் நிறைய அழிந்துபோனது. எனக்கு அதில் இன்றும் வருத்தம் உண்டு. நல்ல பவளம் பார்க்க கிஃப்தூன் தீவுப் பக்கம் படகில்தான் போக வேண்டும்.

கடலை விட்டு வெளியே வந்தால் ஹுர்காடாவின் கை ஓங்குகிறது. ஷர்மிலிருந்து 2285 மீட்டர் உயர சினாய் மலையில் இரவோடு இரவாக ஏறிச் சூரிய உதயம் பார்க்கலாம். அடிவாரத்தில் 6-ஆம் நூற்றாண்டு புனித கேத்தரின் மடம். அருமையான இடம்தான், ஆனால் முட்டி ஒத்துழைக்க வேண்டும். ஹுர்காடாவிலிருந்து காரில் நாலு மணி நேரத்தில் லக்சர்: கர்னாக் கோயில், மன்னர்கள் பள்ளத்தாக்கு. பெரியவர்களையும் அழைத்துப் போகலாம்.

அப்புறம், தெற்கே சுமார் 140 கிலோமீட்டரில் குசேர். அதை ஒட்டிய குசேர் அல் காதிம் ரோமானியர் காலத்துத் துறைமுகம். அங்கே கிடைத்த பானை ஓடுகளில் தமிழ் பிராமி எழுத்து இருந்தது. ஒன்றில் ‘பானை ஒறி’ என்றே எழுதியிருக்கிறது. நம் ஊர் உறிதான் அது. அங்கே நின்று அண்ணாந்து பார்க்கக் கட்டடம் எதுவும் இல்லை. இருந்தாலும் ஹுர்காடாவில் தங்கினால் நான் ஒரு நாளை அதற்கென்று ஒதுக்கிவிடுவேன்.