குடமுருட்டியா, நீச்சல் குளமா: முதல் டிரையத்லானுக்கு எங்கே பழகுவது?

நாற்பதை நெருங்கும் வயதில், நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் அடுத்தடுத்து முடிக்க வேண்டிய டிரையத்லானில் இறங்க முடிவு செய்தபோது, நான் கவலைப்பட்டது சைக்கிளையும் ஓட்டத்தையும் பற்றி மட்டுமே. திருவையாற்றுக்கு மேற்கே குடமுருட்டிக் கரையில் பிறந்து, பள்ளியில் சேர்வதற்கு முன்பே படித்துறையிலிருந்து குதிக்கப் பழகியவனுக்கு நீச்சல் எம்மாத்திரம் என்ற நினைப்பு. நான் பதிவு செய்தது ஸ்பிரின்ட் தூரம்: 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். மொத்தத் தூரத்தில் நீச்சல் நூற்றுக்கு மூன்று பங்குகூட வராது என்று கணக்குப் போட்டு மகிழ்ந்ததும் நினைவிருக்கிறது.

சைக்கிளுக்கும் ஓட்டத்துக்கும் டெல்டாவில் இடம் தேட வேண்டியதில்லை. திருக்காட்டுப்பள்ளி வரை பலகைபோல் சமமாகக் கிடக்கும் சாலையில், அறுவடைக் காலத்தில் காயப்போட்ட நெல்லுக்கு ஒதுங்கிக் கொடுத்தால் போதும். நீச்சலுக்கு மட்டுமே என் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, வீட்டுக் கொல்லைக்கு அப்பால் ஓடும் ஆறு. மற்றொன்று, தஞ்சையில் மாதக் கட்டணம் கட்டிச் செல்லும் 25 மீட்டர் நீச்சல் குளம். இரண்டிலும் பழகிப் பார்த்த பிறகு நான் நீச்சல் குளத்தின் பக்கம் சாய்ந்துவிட்டேன். இப்படி எழுதுவதை என் பெரியப்பா ஒப்புக்கொள்ளமாட்டார் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

செலவைப் பொறுத்தவரை ஆற்றுக்கே வெற்றி, அது இலவசம். நீச்சல் குளத்துக்குக் கட்டணமும், போய்வர ஒரு மணி நேரமும், குளோரின் நெடியும் உண்டு. பாதுகாப்பில் நிலைமை தலைகீழ். மணல் அள்ளிய பள்ளங்கள், மதகுக்குக் கீழே சுழலும் தண்ணீர், கரையோரம் உடைந்து கிடக்கும் பாட்டில்கள் ஆகியவற்றை ஆற்றங்கரைக்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. கான்கிரீட் பூசிய வாய்க்கால்களில் ஆபத்து இன்னும் கூடுதல். பாசி படிந்த சரிவில் கையூன்றிக் கரையேறவே முடியாது.

அடுத்தது காலம். மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-இல் திறக்கப்பட்டு ஜனவரி 28-இல் மூடப்படும். 2022-இல் மே 24-ஆம் தேதியே திறந்தார்கள்; 2024-இல் ஜூலை 28 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நமது பயிற்சி அட்டவணையை நாமே எழுதலாம், ஆனால் தண்ணீர் குறுவைக்காகவும் சம்பாவுக்காகவும் வருகிறதே தவிர நமக்காக வருவதில்லை. முறை வைத்துத் திறக்கும் நாட்களில் நேற்று மார்பளவு இருந்த தண்ணீர் இன்று முழங்காலளவுக்கு இறங்கிவிடும். பிப்ரவரி முதல் மே வரை ஆற்றில் மணல்தான். அதில் ஓடலாம், நீந்த முடியாது.

இவ்வளவையும் சகித்துக்கொண்டு ஆற்றிலேயே பழகுபவர்கள் இருக்கிறார்கள். நானும் முதல் இரண்டு மாதங்கள் அப்படித்தான் பழகினேன். என் மனத்தை மாற்றியது வேறு ஒன்று: ஓடும் தண்ணீரில் நம் வேகம் நமக்குத் தெரியவே தெரியாது. எங்கள் படித்துறையிலிருந்து கீழ்ப்புறம் உள்ள அடுத்த படித்துறை வரை, வரைபடத்தில் அளந்தால் ஏறக்குறைய 750 மீட்டர். ஜூலையில் ஒரு காலை அதைப் பதின்மூன்று நிமிடத்தில் கடந்துவிட்டு, பந்தயத்தில் பாதியை முடித்துவிட்டவன்போல் வீட்டுக்கு வந்தேன். நடந்துதான் வந்தேன், எதிர்த் திசையில் நீந்தித் திரும்பும் வழக்கம் ஆற்றங்கரையில் யாருக்கும் இல்லை என்பது அப்போது உறைக்கவில்லை.

பின்னால் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நூறு மீட்டரை இரண்டரை நிமிடத்தில் நீந்தும் ஒருவர் அசையாத தண்ணீரில் 750 மீட்டரை 18 நிமிடம் 45 வினாடியில் முடிப்பார். ஆற்றுநீர் வினாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால், அதே மனிதர் நீரோட்டத்தோடு நீந்தும்போது பதினொரு நிமிடத்துக்குள் முடித்துவிடுவார். எதிர்த்து நீந்தினால் ஒன்றேகால் மணி நேரம் ஆகும். பாதித் தூரம் ஓட்டத்தோடும் பாதித் தூரம் எதிர்த்தும் நீந்தினால் சரிக்குச் சரி ஆகிவிடும் என்று தோன்றலாம். ஆகாது. போகும்போது ஐந்தரை நிமிடத்துக்குள் கடந்த தூரத்தைத் திரும்பும்போது கடக்க முப்பத்தேழரை நிமிடம் பிடிக்கும்; மொத்தம் ஏறக்குறைய 43 நிமிடம். மிச்சம் பிடித்த நேரம் கொஞ்சம், இழக்கும் நேரம் அதைப்போல் பல மடங்கு. மதகை ஓரடி உயர்த்தினாலும் தாழ்த்தினாலும் ஓட்டத்தின் வேகம் மாறிவிடுவதால், இன்றைய நேரத்தை நேற்றைய நேரத்தோடு ஒப்பிடவும் வழியில்லை. முன்னேறுகிறோமா என்பதே தெரியாமல் ஒரு பருவம் முழுவதும் பழகலாம்.

நீரோட்டம் மறைத்துவைப்பது நேரத்தை மட்டுமன்று, குறைகளையும்தான். ஆற்றில் நீந்துபவர் தலையை நிமிர்த்தியே நீந்துவார். மிதந்து வரும் ஆகாயத்தாமரையையும் கட்டையையும் பார்க்க வேண்டுமே. தலை உயர்ந்தால் இடுப்பும் காலும் தாழும், உடல் சாய்ந்து தண்ணீரைத் தள்ளிக்கொண்டே போகும். ஆறு பின்னாலிருந்து உந்தும்வரை இந்தச் சுமை தெரிவதில்லை. நீச்சல் குளத்தில் முதல் நாள் மூன்றாவது நீளத்தின் நடுவிலேயே மூச்சு வாங்கி நின்றுவிட்டேன். மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்த மாஸ்டர், "தம்பி, ஆத்துல பழகினவங்களா? தலையத் தூக்காதீங்க, மூச்ச தண்ணிக்குள்ளயே விடுங்க" என்றார். முப்பது ஆண்டுகளாக மூச்சை அடக்கிக்கொண்டு நீந்தியிருக்கிறேன் என்பது அப்போதுதான் புரிந்தது. வெளிவிட வேண்டிய காற்று உள்ளேயே தேங்குவதால்தான் இரைக்கிறது. காற்றுப் போதாமல் அன்று. இதைச் சரிசெய்யவே ஆறு வாரங்கள் ஆயின. அடியில் தெரிந்த கறுப்புக் கோடும் சுவரில் இருந்த கடிகாரமும் இல்லாவிட்டால் இன்னும் நாள் பிடித்திருக்கும். நான்கு மாத முடிவில் முப்பது நீளங்களை நிற்காமல், பத்தொன்பது நிமிடத்துக்குள் முடிக்க முடிந்தது. என் வாழ்வில் நீச்சலில் நான் நம்பக்கூடிய முதல் எண் அதுதான்.

இருப்பினும் அந்த எண்ணும் கொஞ்சம் ஏமாற்றியது. ஒவ்வொரு திருப்பத்திலும் சுவரை உதைத்துக் கிளம்பும்போது சில மீட்டர்கள் உழைப்பின்றிக் கிடைக்கின்றன; கைக்கும் ஒரு நொடி ஓய்வு கிடைக்கிறது. கடலில் நடந்த என் முதல் பந்தயத்தில் சுவரும் இல்லை, கோடும் இல்லை. தொடங்கிய இரண்டாவது நிமிடத்தில் யாருடைய குதிகாலோ நீச்சல் கண்ணாடியில் பட்டு உப்புநீர் உள்ளே புகுந்தது. பாதையைக் காட்டும் மிதவையைப் பார்க்காமல் குனிந்தே நீந்தியதில் பாதை வளைந்து வளைந்து போனது. கரையேறிக் கைக்கடிகாரத்தைப் பார்த்தபோது 930 மீட்டர், 24 நிமிடம் என்று காட்டியது. வேகம் பெரிதாகக் குறையவில்லை, தூரம்தான் கூடிவிட்டது. இந்த ஒன்றில் ஆற்றுக்காரனுக்கே கை ஓங்கியிருக்கும், தலையை நிமிர்த்திப் பார்க்கும் பழக்கம் அவனுக்கு இயல்பாகவே உண்டு. டிரையத்லானில் எந்த வகை நீச்சலையும் பயன்படுத்தலாம் என்பதும், முன்னேறாத வரை மிதவையைப் பிடித்துக்கொண்டு இளைப்பாறலாம் என்பதும் விதிகளிலேயே உள்ளன. அன்று ஒரு மிதவையைப் பிடித்தபடி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டதில் எனக்கு வெட்கம் ஏதும் இல்லை.

நீரோட்டமும் இல்லாமல் சுவரும் இல்லாமல் அசையாத தண்ணீர் வேண்டுமானால் கோயில் குளங்கள் இருக்கின்றனவே என்று சிலர் கேட்கிறார்கள். 'கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி' என்று சொல்லப்படும் திருவாரூர் கமலாலயத்தைப் பார்க்கும்போது எனக்கும் கை துறுதுறுக்கும். ஆனால் தீர்த்தமாகப் போற்றப்படும் இடத்தில் நீச்சல் தொப்பியும் கண்ணாடியுமாக இறங்குவது முறையன்று. அதை நான் ஒரு வழியாகவே கருதவில்லை.

எனவே இந்த ஆண்டு வாரத்தில் மூன்று நாட்கள் நீச்சல் குளம். தண்ணீர் வந்ததும் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும், கரையில் தம்பி நின்றுகொண்டிருக்க, குடமுருட்டியில் அரை மணி நேரம். அங்கே பழகுவது எட்டுக் கை போட்டபின் ஒருமுறை தலை நிமிர்த்தி அக்கரைத் தென்னையைக் குறிபார்ப்பதை மட்டுமே. ஐப்பசி மழையில் ஆறு கலங்கிப் புரளும்போது அதுவும் கிடையாது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: என் அனுபவம் ஸ்பிரின்ட் தூரத்தில் இரண்டு பந்தயங்கள்தான். கோவாவில் நடக்கும் அயர்ன்மேன் 70.3 போன்ற நெடுந்தூர டிரையத்லான் போட்டிகளில் நீச்சல் மட்டுமே 1.9 கிலோமீட்டர், அதை 1 மணி 10 நிமிடத்துக்குள் முடிக்காதவர்கள் சைக்கிளைத் தொட முடியாது. நீச்சல் குளத்துக் கணக்குப்படி எனக்கு 48 நிமிடம் போதும். முதல் பந்தயத்தில் வளைந்ததுபோலவே வளைந்து நீந்தினால் ஒரு மணி நேரத்தைத் தொட்டுவிடும். மிச்சமிருக்கும் அந்தப் பத்து நிமிடத்தை நம்பிப் பணம் கட்டலாமா என்பதை, மேட்டூர் மூடிய பிறகு, நீச்சல் குளத்தில் 76 நீளங்களை ஒரே மூச்சாக நீந்திப் பார்த்துத்தான் முடிவு செய்யவிருக்கிறேன்.