ஓசிப் பொருளா, பெய்டு ரிவ்யூவா, அஃபிலியேட்டா? ப்ளாகருக்கு எது கட்டுப்படியாகும்

ப்ளாக் வச்சிருக்கிறவங்க ப்ராடக்ட் ரிவ்யூ எழுதலாமாங்கிற கேள்வியே இப்ப கிடையாது. நம்ம கவிதையத் தேடிக்கிட்டு யாரும் கூகுளுக்கு வர்றதில்ல, ஆனா டில்டிங் கிரைண்டர் வாங்கலாமா சாதா டேபிள் டாப் போதுமான்னு தெனமும் யாராவது தேடிக்கிட்டேதான் இருக்காங்க, அதுவும் வாங்குறதுன்னு முடிவு பண்ணிட்டு தேடுறாங்க. அதனால எழுதுங்க. எந்த வழியில எழுதிக் காசு பாக்குறதுங்கிறதுலதான் ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

நம்ம ப்ளாக்ல விளம்பரம் போட்டு கூகுள் காசு குடுக்கிற ஆட்சென்ஸை முதல்லயே ஓரமா வச்சிடலாம். தமிழுக்கு அது வந்ததே 2018 பிப்ரவரிலதான், வந்த பிறகும் கூட்டம் கூட்டமா ஆள் வந்தாதான் ஏதோ கொஞ்சம் தேறும்.

அடுத்தது ஓசிப் பொருள். கம்பெனிக்காரங்க பார்சல் அனுப்புவாங்க, நாம எழுதணும், காசு கிடையாது. மொபைல், லேப்டாப் எழுதுறவங்களுக்கு இது உண்மையிலேயே லாபம்தான், ஏன்னா கடைக்கு வர்றதுக்கு முன்னாடியே கையில கிடைக்குது, ரிலீஸ் அன்னைக்கே ரிவ்யூ போட்டா வர்ற கூட்டமே தனி. ஆனா மிக்ஸி, குக்கர்லாம் எழுதுறவங்களுக்கு இதுல என்ன இருக்கு? வீட்டுல நாலாவது மிக்ஸி சேரும், அவ்வளவுதான். இதுல வரி சமாச்சாரம் வேற இருக்கு, 2022 ஜூலை 1லேர்ந்து, ஒரு நிதியாண்டுல ஒரு கம்பெனி உங்களுக்குக் குடுக்கிற பொருளோட மதிப்பு 20,000 ரூபாயைத் தாண்டுச்சுன்னா 10% டிடிஎஸ், அதாவது முன்கூட்டியே பிடிக்கிற வரின்னு கொண்டுவந்துட்டாங்க. திருப்பி அனுப்பிட்டா கணக்குல வராது, வச்சுக்கிட்டாதான் வரும். அதனால வெலை ஜாஸ்தியான பொருளை எழுதி முடிச்சதும் திருப்பிக் குடுத்துடுறதுதான் நல்லது, குறை சொல்றதுக்கும் அப்பதான் வாய் வரும்.

பெய்டு ரிவ்யூன்னா காசு உடனே கைக்கு வரும், ஒரு போஸ்ட்டுக்கு இவ்வளவுன்னு பேசி வாங்கிக்கலாம். அந்த ஒரு விஷயத்துல இதை எதுவும் அடிச்சுக்க முடியாது. ஆனா காசு வாங்கினதை மறைக்கக் கூடாது. விளம்பரத் தர கவுன்சிலான ஆஸ்கி 2021 ஜூன்லயே விளம்பரம்னு லேபிள் போடச் சொல்லிடுச்சு, 2023 ஜனவரில மத்திய அரசும் தனியா வழிகாட்டி வெளியிட்டுச்சு, அதுல காசு மட்டுமில்ல, ஓசில வந்த பொருளையும் சொல்லணும்னு இருக்கு. ஆளை ஏமாத்துற மாதிரி எழுதி மாட்டினா முதல் தடவை 10 லட்சம் வரைக்கும் அபராதம் போட சட்டத்துல இடம் இருக்கு. இன்னொண்ணு, சில ஏஜென்சிங்க சாதா லிங்க்தான் வேணும், காசு வாங்கின லிங்க்னு கூகுளுக்குக் காட்டுற ஸ்பான்சர்டு டேக் போடாதீங்கன்னு கேப்பாங்க. ஒத்துக்காதீங்க, காசு வாங்கின லிங்க்கைக் குறிச்சுக் காட்டணும்ங்கிறது கூகுளோட ரூல், அவங்க குடுக்கிற ரெண்டாயிரத்துக்கு கூகுள் தேடல்ல மொத்த ப்ளாக்கோட ராங்க்கும் அடி வாங்கலாம்.

என் ஓட்டு அஃபிலியேட்டுக்குத்தான், அதாவது நம்ம லிங்க் வழியா யாராவது வாங்கினா விக்கிறவங்க நமக்குக் குடுக்கிற கமிஷனுக்கு. ஆனா அமேசான்ல சேர்ந்தவுடனே கொட்டும்னு நெனைக்காதீங்க. உங்க லிங்க்கை கிளிக் பண்ணி 24 மணி நேரத்துக்குள்ள கார்ட்ல போட்டாதான் கமிஷன், வாங்கினவர் ரிட்டர்ன் பண்ணிட்டா கமிஷனும் போச்சு, நீங்களே உங்க லிங்க்ல வாங்கினா செல்லாது, 180 நாளுக்குள்ள மூணு சேல்ஸாவது நடக்கலன்னா அக்கவுன்ட்டையே மூடிடுவாங்க. 5% கமிஷன்னு வச்சுக்கிட்டா 6,000 ரூபா கிரைண்டருக்கு 300 ரூபா. பெய்டு போஸ்ட்டுக்கு முன்னாடி இது சில்லறைதான், ஆனா பெய்டு போஸ்ட் ஒரு தடவையோட சரி, இது ஒவ்வொரு தீபாவளி ஆஃபருக்கும் திரும்பத் திரும்ப வரும்.

அதை விட முக்கியம், இதுல நீங்க எந்தக் கம்பெனிக்கும் ஆள் இல்ல. இந்த மாடல் வேண்டாம், அதை வாங்குங்கன்னு தைரியமா எழுதலாம், ஒண்ணை நல்லா இல்லன்னு சொன்னா இன்னொண்ணோட லிங்க்ல காசு வரும். கம்பெனி காசுல எழுதுறவங்க இதைச் செய்யவே முடியாது, படிக்கிறவங்களுக்கோ இதுதான் வேணும்.

பொருள் வாங்க காசுக்கு எங்க போறதுன்னு கேப்பீங்க. வீட்டுல இருக்கிறதை வச்சே ஆரம்பிங்களேன். மூணு வருஷமா ஓடுற கிரைண்டரைப் பத்தி, பெல்ட் எப்ப தளர்ந்துச்சு, கல்லைத் தூக்கிக் கழுவ அம்மாவால முடியுதா, டில்டிங்ல மாவு வழிக்கிறது சுலபம்னாலும் மேடையில எவ்வளவு எடம் அடைக்குதுன்னு எழுதினா, பார்சல் பிரிச்ச மறுநாளே எழுதுறவங்க யாரும் கிட்ட வர முடியாது. 2021 ஏப்ரல்ல கூகுள் ரிவ்யூவுக்குன்னே ஒரு அப்டேட் விட்டுச்சு, அதுக்கப்புறம் கம்பெனி குடுக்கிற ஸ்பெக், அதாவது பொருளோட விவரப் பட்டியலை காப்பி பண்ணிப் போடுற பக்கங்களை விட, சொந்தமா பயன்படுத்திப் பாத்து எழுதினதுக்குத்தான் மதிப்பு. அதனால போட்டோவும் கம்பெனி படம் வேண்டாம், மாவு ஒட்டின உங்க டிரம்மையே எடுத்துப் போடுங்க.

மொபைல் எழுதுறவங்க மட்டும் ஓசிப் பொருளை வாங்கி எழுதிட்டுத் திருப்பிக் குடுத்துடுங்க, கூடவே அஃபிலியேட் லிங்க்கும் போட்டுக்கலாம், ரெண்டையும் போஸ்ட்டோட தலைப்புலயே சொல்லிட்டு.