நடைமேம்பால டேம்பர்: பூந்தொட்டி வந்தபின்

சிங்கப்பூரில் டியூன்டு மாஸ் டேம்பர் (ஸ்பிரிங்கில் ஆடும் ஒரு நிறையால் கட்டுமானத்தின் ஆட்டத்தை அடக்கும் அமைப்பு) என்றதும் பலர் மரினா பே சாண்ட்ஸைச் சொல்வார்கள். அதன் ஸ்கைபார்க் 66 மீட்டருக்கு அந்தரத்தில் நீளும் பகுதியில் சுமார் 5 டன் டேம்பர் இருக்கிறது. ஆனால் ஆண்டுக்கணக்கில் பராமரிப்பவரைப் படுத்துவது நடைமேம்பாலத்துக்கு அடியில் உட்கார்ந்திருக்கும் 400 கிலோ பெட்டிதான்.

ஒரு கணக்கு. 80 டன் பாலம், நடுவில் தூண் இல்லை. மேலும் கீழும் ஆடும்போது கணக்கில் வருவது பாதி எடை, 40 டன். பாலத்தின் அதிர்வெண் 2 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு இரண்டு ஆட்டம். மனித நடையும் ஏறக்குறைய அதே வேகம், வம்பே அங்குதான். டேம்பர் நிறை அந்த 40 டன்னில் 1 விழுக்காடு; அது ஆட வேண்டிய இசைவு அதிர்வெண் 1.98 ஹெர்ட்ஸ்; ஆட்டத்தை எண்ணெயால் அடக்கும் தணிப்பு 6 விழுக்காடு. நான்கு ஸ்பிரிங், ஒவ்வொன்றும் மில்லிமீட்டருக்கு 15.5 நியூட்டன். எடை ஏறியதும் ஸ்பிரிங் 63 மில்லிமீட்டர் அமுங்க வேண்டும். அளவுநாடாவே போதும், கருவி வேண்டாம்.

முதல் ஆண்டு நன்றாகவே ஓடும். பிறகு கைப்பிடி நெடுக காகிதப்பூத் தொட்டிகள் வரும். ஈர மண்ணோடு 3.2 டன் கூடினால் பாலம் 1.96 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். 2 விழுக்காடுதானே என்று விட்டால், இத்தனை சிறிய நிறைக்கு அதுவே பெரிய விலகல். மருந்து எளிது: டேம்பர் நிறையின் மேல் 16 கிலோ இரும்புத் தகடு வைத்தால் அதன் அதிர்வெண்ணும் இறங்கும். அமுக்கம் 66 மில்லிமீட்டர் ஆனால் சரி.

சோதிக்க, நிறையைப் போல்ட்டால் பூட்டிவிட்டு நடுப்பாலத்தில் குதிகாலால் ஒரு தட்டு. கைப்பேசியின் முடுக்கமானியில் ஒரு நிமிடம் பதிவு. போல்ட்டைக் கழற்றி மறுபடி தட்டினால் ஆட்டம் சட்டென்று அடங்க வேண்டும். பூட்டிய போல்ட்டைக் கழற்ற மறப்பதும் நடக்கிற கூத்துதான்.

அடங்காவிட்டால் எண்ணெயைச் சந்தேகிக்குமுன் நிறை மேலும் கீழும் வழுக்கி ஓடும் வழிகாட்டித் தண்டைப் பாருங்கள். ஈரக்காற்றில் துரு பிடித்தால் உராய்வு கூடி, சிறிய ஆட்டத்துக்கு நிறை அசையவே அசையாது. கிரீஸ் பூசினால் தூசி ஒட்டி இன்னும் மோசம். "டக் டக்" என்று தடுப்பில் இடிக்கும் சத்தம் வேறு நோய்: எண்ணெய் கசிந்து தணிப்பு குறைய, நிறை அளவுக்கு மீறி ஓடுகிறது. இங்கு வெப்பம் ஆண்டு முழுதும் பெரிதாக மாறாததால் எண்ணெயின் பிசுக்கு மாறும் தொல்லை குறைவு. அதற்காக விலையுயர்ந்த ரகம் தேவையில்லை.

வாங்கும்போதே பெட்டிக்குள் 10 விழுக்காடு கூடுதல் தகடுக்கு இடம் கேளுங்கள். இடமில்லையென்றால் ஸ்பிரிங்கையே மாற்ற வேண்டும். அதற்கு இரவில் சாலைத்தடத்தை அடைத்து, தூக்குமேடை கொண்டுவர வேண்டும்.