ஒரு பாட்டு முணுமுணுப்பு, அடுத்தது இடி: ஃபூபார்2000-இல் வால்யூமைச் சரிசெய்த கதை

எங்கள் வீட்டில் கம்ப்யூட்டரில் பாட்டு ஓடுவது ராத்திரி பத்து மணிக்கு மேல்தான். பக்கத்து அறையில் அம்மா தூங்குவார். கேசட்டிலிருந்து ஏற்றிய பழைய பாட்டு ஒன்று மெல்ல ஓடும். காதுக்கு எட்டவில்லையே என்று ஸ்பீக்கர் திருகியைக் கூட்டி வைப்பேன். அது முடிந்ததும் போன வருடம் வந்த படப்பாட்டு ஒன்று தொடங்கும். முதல் அடியிலேயே ஜன்னல் கண்ணாடி அதிரும். "என்னப்பா இது, மணி என்ன ஆகுது!" என்று உள்ளிருந்து குரல் வரும். ஓடிப்போய்க் குறைப்பேன். அடுத்தது மறுபடி கேசட் பாட்டு, மறுபடி முணுமுணுப்பு. பல மாதம் இப்படியே போனது.

நான் ஃபூபார்2000 பயன்படுத்தத் தொடங்கி எட்டு வருடம் ஆகிறது. 2002-இல் முதன்முதலாக வந்த வின்டோஸ் மியூசிக் பிளேயர் அது. பார்க்கப் பளபளப்பு இல்லாதது, பழைய லேப்டாப்பிலும் சிரமமில்லாமல் ஓடுவது. இந்த எட்டு வருடத்தில் வால்யூம் தொடர்பாக நான் சந்தித்த தொல்லைகளையும் ஒவ்வொன்றுக்கும் கடைசியில் கிடைத்த தீர்வையும் இங்கே எழுதுகிறேன். வேறு பிளேயர் வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். "சவுண்டு கம்மியா கேட்குது" என்றால் நாம் உடனே ஸ்பீக்கரைத்தான் சந்தேகப்படுகிறோம். ஆனால் ஒரு பாட்டு நம் காதுக்கு வருவதற்குள் குறைந்தது ஐந்து குழாய்த் திருகிகளைக் கடந்து வருகிறது: ஃபைலுக்குள் பதிவான அளவு, பிளேயரின் வால்யூம், அந்த ஆப்புக்கென்று வின்டோஸ் தனியாக வைத்திருக்கும் அளவு, மொத்த கம்ப்யூட்டரின் அளவு, கடைசியில் ஸ்பீக்கரின் திருகி. இதில் எது பாதி மூடியிருந்தாலும் காதுக்கு ஒரே மாதிரிதான் தெரியும். அதனால் எதையும் திருகும் முன் மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்வேன். இந்தப் பாட்டு மட்டும் இப்படியா, எல்லாப் பாட்டுமா? இந்த பிளேயரில் மட்டுமா, பிரவுசரில் வீடியோ போட்டாலும் இப்படித்தானா? ஹெட்ஃபோனில் மட்டுமா, ஸ்பீக்கரிலுமா? பதில் வந்ததும் எந்தத் திருகி என்று தொண்ணூறு சதவீதம் பிடிபட்டுவிடும்.

என் பெரிய தொல்லை முதல் வகை. பாட்டுக்குப் பாட்டு அளவு மாறியது. என் சேமிப்பில் ஆறாயிரம் பாட்டுக்கு மேல் இருக்கிறது. அப்பா ரெக்கார்டிங் கடையில் பட்டியல் எழுதிக் கொடுத்துப் பதிவு செய்து வாங்கிய 60, 90 கேசட்டுகள், தொண்ணூறுகளின் சி.டி.க்கள், கச்சேரிப் பதிவுகள், கோயில் நாயனம், புதுப் படப்பாட்டுகள் என்று எல்லாம் கலந்தது. கேசட்டிலிருந்து ஏற்றும்போது அளவு ஏறிக் கரகரக்கக் கூடாதே என்று பயந்து பயந்து ஏற்றியவை. புதுப் பாட்டுகளோ எடுப்பாகக் கேட்க வேண்டும் என்று ஸ்டூடியோவிலேயே அமுக்கி, உச்சத்தைத் தொடும்வரை தூக்கி வைத்தவை. இரண்டும் ஒரே பட்டியலில் நின்றால் வேறென்ன நடக்கும்?

இதற்கு நான் முதலில் செய்தது தவறான வைத்தியம். ஒலி எடிட்டர் ஒன்றில் கேசட் பாட்டுகளையெல்லாம் திறந்து, நார்மலைஸ் செய்து (அதாவது பாட்டின் அளவை உச்சம்வரை தூக்கி), அதே பெயரில் எம்பி3-ஆகவே திரும்பச் சேமித்தேன். இரண்டு இழப்பு. எம்பி3-ஐத் திறந்து மறுபடி எம்பி3 ஆக்கினால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தரம் போகும். அது போக, சாதாரண நார்மலைஸ் பார்ப்பது பாட்டின் உச்சப்புள்ளியை மட்டும்தான். கேசட்டில் எங்கேயாவது ஒரு 'டக்' சத்தம் இருந்தால் போதும், அதுதான் உச்சம் என்று எடுத்துக்கொண்டு பாட்டை அப்படியே விட்டுவிடும். அளவும் சரியாகவில்லை, மூல ஃபைலும் போய்விட்டது. முந்நூறுக்கு மேற்பட்ட பாட்டுகள். இன்றும் எனக்கு அது வருத்தம்தான்.

சரியான வழி ரீப்ளேகெயின். டேவிட் ராபின்சன் என்பவர் 2001-இல் முன்வைத்த யோசனை. பாட்டின் ஒலியைத் தொடவே தொடாது. பாட்டு முழுவதையும் அளந்து, "இதை இத்தனை டெசிபல் கூட்டு" அல்லது "குறை" என்று ஒரு எண்ணை ஃபைலின் டேக்கில், அதாவது பாட்டின் பெயர், பாடகர் போன்ற விவரங்கள் இருக்கும் குறிப்புப் பகுதியில், எழுதி வைக்கும், அவ்வளவுதான். பாடும்போது பிளேயர் அந்த எண்ணைப் படித்துத் தானே வால்யூமை மாற்றிக்கொள்ளும். வேண்டாம் என்றால் டேக்கை அழித்துவிடலாம். பாட்டு முன்பு இருந்தபடியே இருக்கும். ஃபூபார் இப்போது அளப்பது ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 2010-இல் வெளியிட்ட ஆர்128 முறைப்படி. உச்சப்புள்ளியை விட்டுவிட்டு, காது எவ்வளவு சத்தமாக உணரும் என்பதை அது கணக்கிடுகிறது. நிசப்தமான இடங்களைக் கணக்கில் சேர்ப்பதில்லை. கேசட் கடைசியில் அரை நிமிடம் வெறும் நாடா ஓடினாலும் கணக்கு கெடாது.

பட்டியலில் பாட்டுகளைத் தேர்ந்தெடுத்து, ரைட் கிளிக் செய்து, ரீப்ளேகெயின் மெனுவில் ஸ்கேன் கொடுத்தால் முடிந்தது. முதன்முதலில் எல்லாவற்றையும் ஸ்கேன் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்து அந்த எண்களைப் பார்த்த நிமிடம் நன்றாக நினைவிருக்கிறது. அம்மாவை எழுப்பிய அந்தப் புதுப் பாட்டுக்கு நேரே கழித்தல் 10.3 டெசிபல். அதற்கு முந்தைய கேசட் பாட்டுக்குக் கூட்டல் 4.2. இடையில் பதினான்கரை டெசிபல்! பத்து டெசிபல் ஏறினாலே காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்குச் சத்தமாகத் தோன்றும். இத்தனை நாள் நான் ஸ்பீக்கரைத் திட்டிக்கொண்டிருந்தேன்; பாவம், அது கொடுத்ததைத்தான் பாடியது.

ஆனால் ஸ்கேன் செய்தால் மட்டும் போதாது. இங்கேதான் பலர் "போட்டுப் பார்த்தேன், ஒன்றும் மாறவில்லை" என்று விட்டுவிடுகிறார்கள். பிரிஃபரன்சஸில் பிளேபேக் பக்கத்துக்குப் போய், அந்த எண்ணைப் பயன்படுத்தும்படி பிளேயரிடம் சொல்ல வேண்டும். அங்கே டிராக், ஆல்பம் என்று இரண்டு வகை இருக்கும். படப்பாட்டுகளைக் கலந்து கேட்பதற்கு டிராக் போதும். கச்சேரிக்கு அது கூடவே கூடாது. நானும் முதலில் எல்லாவற்றுக்கும் டிராக் போட்டேன். ஒரு நாள் ராக ஆலாபனை கேட்டேன். மிருதங்கத் தனியாவர்த்தனத்துக்கு ஈடான சத்தத்தில் ஆலாபனை ஓடியது. தம்புராவும் மூச்சுச் சத்தமும் முன்னே வந்து நின்றன. பாடகர் காதோரம் வந்து கத்துவது போல் இருந்தது. பிறகு மிருதங்கம் தொடங்கியபோது அந்த எழுச்சியே இல்லை. எண்களைப் பார்த்தேன்: ஆலாபனைக்குக் கூட்டல் 7.4, தனிக்குக் கழித்தல் 1.1. மெதுவாகத் தொடங்கி ஏறுவதுதானே கச்சேரி? அந்த ஏற்றத்தையே நான் இஸ்திரி போட்டுத் தேய்த்துவிட்டேன். ஆல்பம் வகையில் கச்சேரி முழுவதற்கும் ஒரே எண். உள்ளே இருக்கும் ஏற்ற இறக்கம் அப்படியே இருக்கும். இரண்டையும் மாற்றி மாற்றிப் போட வேண்டியதில்லை. 'பை பிளேபேக் ஆர்டர்' என்றொரு தேர்வு இருக்கிறது. பாட்டுகளைக் கலைத்துப் போட்டால் டிராக், வரிசையாகக் கேட்டால் ஆல்பம் என்று அதுவே பார்த்துக்கொள்ளும். பல வருடமாக அதில்தான் வைத்திருக்கிறேன்.

அதன் பிறகும் ஒன்று இடித்தது. நாயனப் பதிவுகள் மட்டும் மற்றவற்றைவிடத் தாழ்ந்தே கேட்டன. ஸ்கேன் செய்திருக்கிறேன், கூட்டல் 4.8 என்று எண்ணும் இருக்கிறது, அப்புறம் ஏன்? பக்கத்துப் பத்தியில் இருந்த பீக், அதாவது உச்சப்புள்ளி எண்ணில்தான் விடை இருந்தது: 0.99. டிஜிட்டல் ஒலிக்கு 1 என்பது கூரை. தவில் அடி ஒவ்வொன்றும் அந்தக் கூரையைத் தொட்டுவிடுகிறது. சராசரிச் சத்தமோ குறைவு. 4.8 கூட்டினால் தவில் அடி கூரையில் மோதிச் சிதறும், அதாவது கரகரக்கும். அதைத் தடுக்கச் சொல்லி நானே தேர்வு கொடுத்திருந்ததால் பிளேயர் கூட்டாமல் நிறுத்திக்கொண்டது. சரியாகத்தான் செய்திருக்கிறது.

இதற்கு நாயனத்தைத் தூக்கிப் பயனில்லை. மற்ற எல்லாவற்றையும் இறக்க வேண்டும். அதே பக்கத்தில் பிரிஆம்ப் என்று இரண்டு ஸ்லைடர் உண்டு. டேக் உள்ள பாட்டுகளுக்கானதைக் கழித்தல் 5-இல் வைத்தேன். இப்போது நாயனத்துக்குக் கிட்டத்தட்ட பூஜ்யம். தவிலுக்கு இடம் கிடைத்துவிட்டது. மொத்தத்தில் குறைந்த ஐந்து டெசிபலை ஸ்பீக்கர் திருகியில் கூட்டிக்கொண்டேன். இன்னொரு ஸ்லைடர் ஸ்கேன் செய்யாத பாட்டுகளுக்கானது. அதைப் பூஜ்யத்திலேயே விட்டால், இன்றைக்கு இறக்கிய புதுப் பாட்டு ஒன்று நடுராத்திரியில் முழுச் சத்தத்தோடு வந்து குதிக்கும். நான் அதைக் கழித்தல் 13-இல் வைத்திருக்கிறேன். இந்த ஒரு ஸ்லைடரைத் தொட்ட பிறகுதான் எங்கள் வீட்டு ராத்திரிகள் உண்மையில் அமைதியாயின.

காரில் பென் டிரைவ் போட்டுக் கேட்பவர்கள் கவனிக்க: பல கார் ஸ்டீரியோக்கள் இந்த டேக்கைப் படிப்பதில்லை. அதற்கு எம்பி3கெயின் என்ற பழைய கருவி உதவும். அது எம்பி3-க்குள் இருக்கும் அளவு எண்ணையே ஒன்றரை டெசிபல் படிகளாக மாற்றும். திரும்பச் சுருக்குவதில்லை என்பதால் தரம் போகாது. பழையபடி மாற்றவும் முடியும். நான் பென் டிரைவில் இருக்கும் நகலுக்கு மட்டும் இதைச் செய்கிறேன்.

அடுத்து, பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று சத்தம் இறங்குவது. கொரோனா நாட்களில் வீட்டிலிருந்து வேலை செய்தபோது தினமும் நடந்தது. மீட்டிங் அழைப்பு வந்ததும் பாட்டு கிணற்றுக்குள் போய்விடும். பிளேயரில் தேடித் தேடி ஒன்றும் கிடைக்கவில்லை. வின்டோஸின் பழைய சவுண்டு பெட்டியைத் திறந்தால் கடைசியில் கம்யூனிகேஷன்ஸ் என்று ஒரு தாவல் இருக்கும். அழைப்பு வந்தால் மற்ற ஒலிகளை 80 சதவீதம் குறை என்பது அங்கே முன்கூட்டியே தேர்வாகி இருக்கிறது. பேச்சு தெளிவாகக் கேட்கட்டும் என்ற நல்ல எண்ணம்தான். வேண்டாதவர்கள் 'டூ நத்திங்' கொடுத்துவிடலாம். ப்ளூடூத் ஹெட்ஃபோனாக இருந்தால் இதோடு இன்னொன்றும் சேரும். அதன் மைக்கை ஏதாவது ஆப் எடுத்துக்கொண்டால், பாட்டு ஸ்டீரியோவிலிருந்து டெலிபோன் தரத்துக்கு இறங்கிவிடும். மீட்டிங்குக்கு லேப்டாப்பின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுத்தால் பாட்டு தப்பிக்கும்.

பிளேயரில் மட்டும் சத்தம் குறைவு, பிரவுசரில் சரியாக இருக்கிறது என்றால் வால்யூம் மிக்சரைப் பாருங்கள். ஒவ்வொரு ஆப்புக்கும் தனி ஸ்லைடர் இருக்கும். எப்போதோ இறக்கியது அப்படியே கிடக்கும். ஹெட்ஃபோனுக்கும் ஸ்பீக்கருக்கும் வின்டோஸ் தனித்தனி அளவை நினைவில் வைத்திருப்பதும் பலருக்குத் தெரியாது. ஃபூபாரின் வால்யூம் பட்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது சதவீதத்தில் காட்டாது, டெசிபலில் காட்டும். பூஜ்யம் என்றால் முழுச் சத்தம். என் தங்கை பூஜ்யத்தைப் பார்த்து மியூட் என்று நினைத்து, ஸ்பீக்கர் திருகியை முழுக்கத் திருப்பிவிட்டாள். நல்லவேளை, பாட்டு தொடங்கும் முன் பார்த்துவிட்டேன்.

லேப்டாப்போடு வந்த ஒலி மேம்பாட்டுத் தேர்வுகளை எல்லாம் அணைத்துவிடுவது என் வழக்கம். ரீப்ளேகெயினும் போட்டு அதுவும் வேலை செய்தால், பாட்டின் நடுவே சத்தம் ஏறி இறங்கி மூச்சு வாங்கும்.

மென்பொருளே சம்பந்தப்படாத ஒன்றும் நடந்தது. ஒரு நாள் ஹெட்ஃபோனில் வயலின் கேட்கிறது, கோரஸ் கேட்கிறது, பாடகர் குரலை மட்டும் காணோம். எங்கோ தூரத்தில் எதிரொலி போல ஒரு நிழல்தான் கேட்டது. ஃபைல் கெட்டுவிட்டது என்று பயந்து வேறு பாட்டு போட்டேன். அதிலும் குரல் இல்லை. ஜாக்கை லேசாக உருட்டினேன், குரல் வந்தது, விட்டேன், போனது. பின்னின் பொது இணைப்பு சரியாகத் தொடாவிட்டால் இடது வலது ஒலிகளின் வித்தியாசம் மட்டும்தான் காதுக்கு வரும். குரல் இரண்டு பக்கமும் சமமாக இருப்பதால் ஒன்றையொன்று அழித்துவிடும். ஜாக் துளைக்குள் சட்டைப்பை நூல் தூசி அடைந்திருந்தது. லேப்டாப்பை அணைத்துவிட்டுப் பல்குத்தும் மரக்குச்சியால் மெதுவாக எடுத்தேன், சரியாகிவிட்டது.

இப்போது என் கம்ப்யூட்டரில் வின்டோஸ் அளவு 80, பிளேயர் பூஜ்யம், இரண்டையும் தொடுவதில்லை. கை போவது ஸ்பீக்கர் திருகி ஒன்றுக்குத்தான். புதுப் பாட்டுகளை மாதத்துக்கு ஒரு முறை மொத்தமாக ஸ்கேன் செய்கிறேன்.

அந்த முந்நூறு கேசட் பாட்டுகள் மட்டும் பாக்கி இருந்தன. அப்பாவின் கேசட்டுகள் டிரங்குப் பெட்டியில் பத்திரமாக இருக்கின்றன. மாமா வீட்டுப் பரணில் டேப் டெக் ஒன்று கிடைத்தது. பெல்ட் மாற்றியதும் ஓடியது. போன தீபாவளி முதல் திரும்ப ஏற்றிக்கொண்டிருக்கிறேன். அளவு குறைவாகவே இருக்கட்டும் என்று விட்டு, தரம் இழக்காத ஃப்ளாக் வடிவில் சேமித்து, ஸ்கேன் மட்டும் செய்கிறேன். 31-இல் 9 கேசட் முடிந்திருக்கிறது. ஒன்பதாவதில், இரண்டு பாட்டுக்கு நடுவே கடைக்காரரிடம் அப்பா ஏதோ சொல்வது இரண்டு விநாடி பதிவாகியிருக்கிறது. பழைய எம்பி3-இல் அதை இரைச்சல் என்று நான் வெட்டிவிட்டிருந்தேன். இந்த முறை அது அப்படியே இருக்கிறது.