பூச்சைத் தட்டிப் பார்த்துவிட்டு ‘பூகம்ப ஆய்வு’ என்று பில் போடுகிறார்கள்: புதுச்சேரி, கடலூர் அடுக்ககக்காரர்கள் கவனத்துக்கு

லாஸ்பேட்டையில் எங்கள் அடுக்ககம் ஸ்டில்ட் பிளஸ் நாலு. கீழே முழுக்க வண்டி நிறுத்தும் இடம், பில்லர்கள் மட்டும்தான். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது கீழே தண்ணீர் நின்றது. வடிந்த பிறகு பார்த்தால் சில பில்லர்களில் நெடுக்காக வெடிப்பு, ஓரத்தில் துருக்கறை. கட்டிடத்தை முறையாகச் சோதித்துவிடலாம் என்று சங்கத்தில் முடிவெடுத்து, இணையத்தில் விளம்பரம் செய்யும் ஒரு நிறுவனத்தைக் கூப்பிட்டோம். புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயரைப் போடவில்லை. அவர்கள் வேலை பார்க்கும் விதத்தை எழுதுகிறேன், உங்கள் வாசலுக்கு வந்தால் அடையாளம் தெரிந்துவிடும்.

பேசிய தொகை 1,40,000 ரூபாய், பாதிக்கு மேல் முன்பணம். இரண்டு பையன்கள் ரீபவுண்ட் ஹேமரோடு வந்தார்கள். பில்லரில் வைத்து அழுத்தினால் உள்ளே ஸ்பிரிங் தட்டி, எவ்வளவு எகிறுகிறது என்று ஒரு எண் காட்டும் கருவி அது. பெயிண்ட் அடித்த பூச்சின் மேலேயே தட்டித் தட்டிக் குறித்துக்கொண்டார்கள். ஒரு இடத்தில்கூடப் பூச்சைக் கொத்தவில்லை. கட்டிட வரைபடத்தைக் கேட்கவே இல்லை. மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் கிளம்பிவிட்டார்கள்.

ரிப்போர்ட் மட்டும் நல்ல கனம். வண்ண வண்ணமாகக் கம்ப்யூட்டர் மாடல் படங்கள். கட்டிடம் நில அதிர்வைத் தாங்காது, எல்லாப் பில்லருக்கும் ஜாக்கெட்டிங் (பில்லரைச் சுற்றிப் புதுக் கம்பி கட்டி, கான்கிரீட் போட்டுப் பலப்படுத்துவது) செய்தாக வேண்டும் என்று முடிவு. அடுத்த பக்கத்திலேயே, அதே நிறுவனம் அந்த வேலையைச் செய்து தர 18 லட்சம் ரூபாய் எஸ்டிமேட்!

எங்கள் தெருவில் பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வுபெற்ற இன்ஜினியர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தோம். புரட்டியவர் ஒரு பக்கத்தில் விரலை வைத்தார். மண்டலக் காரணி, அதாவது அந்த ஊரில் எவ்வளவு பலமான நில அதிர்வுக்குக் கணக்குப் போட வேண்டும் என்று காட்டும் எண், 0.24 என்று போட்டிருந்தது. “இது டெல்லிக் கணக்குய்யா” என்றார். நில அதிர்வுக்கான இந்தியத் தர விதிநூல் ஐ.எஸ். 1893-இன் 2016 பதிப்பில் 0.24 என்பது 4-ஆம் மண்டலம், டெல்லி அதில் வருகிறது. புதுச்சேரி 2-ஆம் மண்டலம், 0.10. கட்டிடத்தின் மேல் விழும் பக்கவாட்டு விசையை இரண்டு மடங்குக்கு மேல் ஏற்றிவிட்டால் எந்தப் பில்லர்தான் பாஸாகும்? வேறு ஊர் ரிப்போர்ட்டை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள் என்பது என் கணிப்பு. காற்று பற்றி ஒரு வரி இல்லை. 2011 டிசம்பரில் தானே புயல் அடித்த கரை இது. இங்கே கட்டிடக் கணக்குக்கு எடுக்க வேண்டிய காற்றின் அடிப்படை வேகமே நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். நில அதிர்வு, காற்று இரண்டுக்கும் தனித்தனியாகக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும் என்றார்.

ஹேமர் கதையைக் கேட்டதும், “பூச்சுக்கு எதுக்குய்யா டெஸ்ட்டு?” என்றார். பூச்சை எடுத்து, கான்கிரீட்டைத் தேய்த்துச் சமமாக்கிவிட்டுத்தான் தட்ட வேண்டுமாம். அப்படிச் செய்தாலும் 25 சதவீதம் முன்னே பின்னே இருக்கும். பழைய கான்கிரீட்டில் காற்றிலுள்ள கரியமிலவாயு ஏறி மேல்பகுதி இறுகிப்போவதால், எண் உண்மையைவிட அதிகமாகவும் காட்டும். அவரே ஒரு ஓரத்தைக் கொத்தி ஃபினால்ஃப்தலீன் கரைசலைத் தெளித்துக் காட்டினார். நல்ல கான்கிரீட் சட்டென்று ரோஸ் நிறமாகும். எங்களுடையது கம்பி வரைக்கும் நிறமே மாறவில்லை, அதாவது கரியமிலவாயு அவ்வளவு ஆழம் ஏறிவிட்டது.

அதற்காகப் பயமே தேவையில்லை என்று அவர் சொல்லவில்லை. 2001 செப்டம்பர் 25 அன்று நம் கடலுக்குள்தான் 5 ரிக்டருக்கு மேல் நில அதிர்வு வந்தது. அதே ஆண்டு ஜனவரியில் பூஜ் பூகம்பத்தின்போது, 200 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த அகமதாபாத்தில் இதுபோன்ற ஸ்டில்ட் கட்டிடங்கள் பல விழுந்தன. மேல் மாடிகளில் சுவர் இருப்பதால் அவை மொத்தமாக விறைப்பாக நிற்கும், ஆட்டம் முழுவதையும் கீழே உள்ள பில்லர்கள்தான் வாங்க வேண்டும். அதனால்தான் ஒழுங்கான ஆய்வு வேண்டும் என்கிறேன். கோர் (கான்கிரீட்டைத் துளைத்து எடுக்கும் உருளைத் துண்டு) எடுத்து லேபில் நசுக்கிப் பார்ப்பது, கம்பி எங்கே எத்தனை என்று ஸ்கேன் செய்வது, நாலைந்து இடத்தில் திறந்து ரிங் (நெடுக்குக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையக் கம்பி) இடைவெளியையும் அதன் கொக்கி உள்பக்கம் மடங்கியிருக்கிறதா என்பதையும் பார்ப்பது, மண் பரிசோதனை. ஏற்கெனவே உள்ள கட்டிடங்களுக்கென்று ஐ.எஸ். 15988 என்று தனி விதிநூலே இருக்கிறது. ரிப்போர்ட்டில் அந்த எண்ணே இல்லை.

இதற்கு நடுவில் அந்த நிறுவனத்தார் “மாதிரிக்கு” என்று ஒரு பில்லரை ஜாக்கெட்டிங் செய்தே விட்டார்கள். துருவைச் சுரண்டவில்லை. புதுக் கம்பிகள் தரையில் தொடங்கி பீமுக்கு ஒரு சாண் கீழே நின்றுவிட்டன. அஸ்திவாரத்துக்குள்ளும் இறங்கவில்லை, ஸ்லாபைத் துளைத்து மேலேயும் போகவில்லை. கட்டிடம் ஆடும்போது அதிகம் வளைவது பில்லரின் அடியும் தலையும்தான், அந்த இரண்டு இடத்தையும் விட்டுவிட்டுப் பில்லருக்குச் சட்டை மாட்டிவிட்டது போல ஒரு வேலை. இதற்கும் தனி பில்.

0.24 பற்றிப் போனில் கேட்டதற்கு, “சாஃப்ட்வேர்ல டீஃபால்ட்டா எடுத்திருக்கும் சார்” என்று பதில். முன்பணம் திரும்பாதாம், மீதியைக் கேட்டு வக்கீல் நோட்டீஸ் வேறு. நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறோம்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு அடுக்ககத்துக்கும் இவர்களே போயிருப்பதாகக் கேள்வி. உங்கள் கையில் இப்படி ஒரு ரிப்போர்ட் இருந்தால் மண்டலக் காரணி போட்டிருக்கும் பக்கத்தை முதலில் பாருங்கள். 0.24 என்று இருந்தால் மீதிப் பணத்தைக் கொடுக்க வேண்டாம். அந்தப் பக்கத்தைப் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள், எங்கள் புகாரோடு சேர்த்துவிடுகிறேன்.